இரண்டு ஆறு மணி நேரங்கள்

சென்னையில் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் ஒரு மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது. உடன் வந்தவர் அங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பெண். “முதல்ல காத்திருக்கிறவங்களைப் பாருங்க சார்” என்று வார்டுக்கு அழைத்துப் போனார்.

கட்டிலின் ஓரத்தில் ஒருவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். கழிவறை வரை போய் வந்தாலே பேச்சு எழுவதில்லை. எந்த நேரத்தில் அழைத்தாலும் வந்து சேர வேண்டும் என்பதால், சொந்த ஊரை விட்டுப் பக்கத்துத் தெருவில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் உண்டு. ஆண்டுக்கணக்கில் நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரம் கிடையாது.

அடுத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒருவர் மூளைச்சாவு அடைந்தார் என்று அறிவிக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறையை அங்கே விளக்கினார்கள். நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியும் தானாக மூச்சு எழுகிறதா என்று பார்க்கிறார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளும் மறுபடி நடக்கும்.

அந்த 6 மணி நேரம் முடிவதற்குள் நுரையீரல் பல நேரம் கைவிட்டுப் போய்விடுகிறது. “மற்ற உறுப்பெல்லாம் உடம்புக்குள்ள மூடிக் கிடக்கு. இது மட்டும் வாசல் திறந்த வீடு” என்றார் நுரையீரல் மருத்துவர். விபத்தில் விலா எலும்பு குத்தியிருக்கும். நினைவிழந்தபோது வாந்தி உள்ளே இறங்கியிருக்கும். மூளை வீங்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வென்டிலேட்டரில் நாள் கூடக்கூட நிமோனியா வரும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் காக்க ஏற்றும் திரவம் அளவு மீறினால், அதுவும் நுரையீரலைத்தான் பாதிக்கும். அதனால் உறுப்பு தருவோரில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருடைய நுரையீரலே பயன்படுகிறது. அதன்பிறகும் ரத்த வகை பொருந்த வேண்டும். பெறுபவரின் மார்புக்கூட்டில் அடங்கும் அளவாகவும் இருக்க வேண்டும்.

அங்கிருந்து ஒரு சின்ன அறைக்குப் போனோம். ஒரு மேசை, நாலு நாற்காலி. குடும்பத்தாரிடம் பேசும் இடம். “‘இதைப் பத்தி அவர் எப்பவாச்சும் சொல்லியிருக்காரா’ன்னு கேட்பேன் சார். ‘ஆமா’ன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், முடிவெடுக்கிற பாரம் பாதி குறைஞ்சுடும்” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அறுவை அரங்கின் வாசலில் இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த நுரையீரலைச் சுமார் 6 மணி நேரத்துக்குள் பொருத்தி, ரத்தம் பாயவிட வேண்டும். உறுப்பைக் கொண்டுபோகச் சாலையை ஒதுக்கித் தருவதில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் உண்டு. 2008-இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள், எடுத்த நுரையீரலை உடல் வெப்பத்திலேயே இயந்திரத்தில் சுவாசிக்க வைத்துத் தேற்றிப் பொருத்தத் தொடங்கினார்கள். இல்லாவிட்டால் உதவாது என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய நுரையீரல்களில் பல அப்படி மீள்கின்றன.

இந்த வசதி எல்லா இடத்துக்கும் வர வேண்டும். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. மூளைச்சாவு ஐயம் எழுந்தவுடன் சோதனையைத் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். சளியை உறிஞ்சி எடுப்பது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, திரவத்தை அளந்து ஏற்றுவது ஆகியவற்றைச் சிறிய ஊர் மருத்துவமனையிலும் தவறாமல் செய்ய வேண்டும். இவையெல்லாம் அந்த நோயாளி உயிர் பிழைப்பதற்கும் தேவையான பராமரிப்புதான்.

உறுப்பு தந்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை தரப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நம் பங்கு அதைவிட எளியது. உறுப்பு தர விருப்பம் இருந்தால், இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.