நடவு வலி என்று நினைத்த முதுகுவலி

காரைக்கால் பக்கம் நடவுக்குப் போகிற பெண்களிடம் முதுகுவலி என்றால் சிரிப்பார்கள். குனிந்து நட்டால் வலிக்காதா? தைலம் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, ஒருநாள் படுத்தால் சரியாகிவிடும். ஆகாவிட்டால், திருநள்ளாறு பக்கத்தில்தானே, சனி பிடித்திருக்கிறது என்று எள் தீபம் ஏற்றச் சொல்ல ஆள் உண்டு.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஏழெட்டு வருடம் ஆன பெண்ணும் இதையேதான் செய்வார். ‘அதான் கட்டியை எடுத்தாச்சே! மார்புக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?’

சம்பந்தம் இருக்கிறது. 1889-ல் லண்டன் அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அலசினார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் ஓடுகிறது. நோயோ கல்லீரல், எலும்பு என்று சில இடங்களையே அதிகம் பிடித்திருந்தது. விதை எங்கும் விழும், தோதான மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட விளக்கம். கடைமடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? உப்பேறிய வயலில் கருகும் அதே நெல் அடுத்த வயலில் எப்படி வரும் என்று தெரியும்.

எலும்பு ஏன் தோதான மண்? கல் மாதிரி தெரிந்தாலும் அது தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. பழையதைக் கரைக்க ஒருவகை செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை. ரத்தம் வழியாக வந்து தங்கும் புற்று செல்கள், சில சமயம் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, கரைக்கிற செல்களைத் தூண்டிவிடும். எலும்பு கரையக் கரைய அதில் சேர்ந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும். புற்றுக்கு அதுவே உரம்.

முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பில் இது அதிகம். படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் எழுப்புகிற வலியைத் தைலத்தோடு விடக் கூடாது. கால் பலமிழந்தாலோ, சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து ‘எலும்புப் புற்றுநோயும் வந்துடுச்சே’ என்று வீடே அழும். இது இரண்டாவது நோய் அல்ல. எலும்பில் இருப்பதும் மார்பகப் புற்று செல்தான், மருந்தும் அதற்கானதுதான். எலும்பு கரைவதைக் குறைக்க சோலெட்ரானிக் ஆசிட் ஊசியும், வலிக்குக் கதிர்வீச்சும் உண்டு. முழுதாக விரட்டுவது பெரும்பாலும் முடியாது. ஆனால் பலருக்கு வருடக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது.

புதுச்சேரி ஜிப்மருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அந்த முதுகோடு பஸ்ஸில் போவது லேசில்லை. யாராவது கூடப் போக வேண்டும்; பீரோவுக்குள் கிடக்கும் பழைய ஃபைலும் போக வேண்டும். ‘முதுகுவலி’ என்று மட்டும் சொன்னால், பார்க்கிற டாக்டரும் நடவைத்தான் நினைப்பார்.