கோடு தாண்டிய பந்து

கால்பந்து பார்த்துவிட்டு வருகிறவரிடம் யார் ஜெயித்தது என்று கேட்டுப் பாருங்கள். ரெபரியைத் திட்டி முடித்த பிறகுதான் பதில் வரும்.

1966-இல் வெம்ப்ளி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் மோதிக் கீழே விழுந்தது. கோடு தாண்டியதா? ரெபரி ஓடிப்போய் லைன்ஸ்மன் பாஹ்ரமோவைக் கேட்டார். கோல் என்றார் அவர். ஜெர்மானியர் இன்றும் ஆறவில்லை. பாகூவிலோ அந்த மனிதர் பெயரில் ஒரு மைதானமே இருக்கிறது!

2010-இல் கணக்குத் திரும்பிற்று. ஜெர்மனி 2, இங்கிலாந்து 1 என்றிருந்தபோது லாம்பார்டு அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்தது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது, ரெபரிக்குத் தெரியவில்லை. அநியாயம்தான். ஆனால் ஆட்டம் முடிந்தது 4-1 என்றல்லவா? ஜெர்மன் கோல்கீப்பர் உதைத்த பந்து மைதானத்தைக் கடந்து நேரே குளோஸேயிடம் வந்து முதல் கோலாயிற்றே, அப்போது இங்கிலாந்தின் பின்னணி வீரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இதை ஒரு நண்பரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஸார், லாம்பார்டு கோலுக்கு முதலில் பதில் சொல்லுங்கள்" என்றார்.