பழந்தட்டும் பாடினவர் கூலியும்

உழைத்தவனுக்கு உழைப்பின் பயன் சேரவேண்டும் என்னும் நியாயத்தைத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் பேசுகின்றோம். பாட்டின்கண் அதைப் பேசுவார் மிகச் சிலரே. பாட்டு என்பது காற்றில் பிறந்து காற்றில் மறைவது, அதற்குக் கூலி ஏது, உரிமை ஏது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அக்குரலைத் தட்டிலே பிடித்து விற்கக் கற்ற நாள்முதல் பாட்டும் ஒரு சரக்காயிற்று. சரக்கு என்று ஆனபின், அதை ஆக்கினவர் யார், விற்றவர் யார், இலாபம் எவர் பெட்டியில் விழுந்தது என்னும் கேள்விகளும் உடன் வந்தே தீரும். இக்கேள்விகளை என் உள்ளத்தில் எழுப்பியவை, அமெரிக்க நாட்டின் ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் பழைய ஆட்டப் பாட்டுத் தட்டுகளும், அவற்றைத் தேடியெடுத்து மறுபடியும் வெளியிடும் சில சிறு கம்பெனிகளுமேயாம்.

‘தமிழராகிய உமக்கு இந்தக் கூச்சல் எதற்கு?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்பதுண்டு. கேட்கத்தக்க கேள்விதான். நம் இசையின் இராக விரிவு அப்பாட்டில் இல்லை. பாடுவோர் பலர் கத்துகின்றனர் என்பதும் மெய்யே. எனினும், பாடினவர் யாவர் என ஆராய்வோமாயின் அவர்கள் நமக்கு அந்நியராகத் தோன்றார். பருத்திக் காட்டில் கூலி செய்தவரின் மக்கள், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவரின் மக்கள், நிறத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பர், வறுமையால் ஒதுங்கிய வெள்ளையர் ஆகிய இவர்களே 1950-களில் கிட்டாரையும் பியானோவையும் கொண்டு தம் இளமையைக் கொட்டித் தீர்த்தவர்கள். அக்காலத் தட்டுகளில் பல, நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. அவ்வகைத் தட்டுகளுக்கு உடலாக அமைந்தது, இந்தியக் காடுகளில் பூச்சி சுரக்கும் அரக்கு. நம் வீட்டுப் பெரியோர் கேட்ட கிராமபோன் தட்டும் அதே அரக்கினால் ஆனதே. 1949-ஆம் ஆண்டில் 45 முறை சுழலும் சிறு தட்டு வந்தபின், வினைல் மெல்ல மெல்ல அரக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பெருங் கம்பெனிகள் இப்பாடகர்களைப் பெரும்பாலும் ஏறெடுத்துப் பாராத காலத்தில் கதவு திறந்தவை சிறு கம்பெனிகளே. அதற்காக அவற்றுக்கு நன்றி செலுத்தலாம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலோ நன்றி சற்றே குறைகின்றது. பாடினவர் பலர் அன்றைக்கு ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினர். தட்டு எத்தனை விற்றது என்பதை அவர்கள் அறிந்ததில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மாடர்ன் கம்பெனியை நடத்திய பிஹாரி சகோதரர்கள், பிறர் இயற்றிய பாட்டுகளிலே டௌப், ஜோசியா, லிங் என்னும் புனைபெயர்களைக் கூட்டாசிரியர் பெயராகப் புகுத்தினர். பி. பி. கிங் அவர்களின் முற்காலத் தட்டுகளிலும் அத்தகைய பெயரைக் காணலாம். பிரட்டுக்கே வராதவன் பெயரைச் செக்ரோலில் எழுதி, அவன் பங்குக் கூலியை எழுதினவனே வாங்கிக்கொள்வதை நம் தோட்டத்தார் அறிவர். அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ரூத் பிரௌன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் வரலாறு இன்னும் துயரமானது. 1950-களில் அட்லாண்டிக் கம்பெனியை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே சொல்லுமளவுக்கு அவர் தட்டுகள் விற்றன. அடுத்த பத்தாண்டிலோ அவ்வம்மையார் பிறர் வீட்டில் பணிப்பெண்ணாகவும், பள்ளிப் பேருந்தோட்டியாகவும் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்க நேர்ந்தது. அவர் ஓயாது போராடினார். 1988-ஆம் ஆண்டில் அக்கம்பெனி பழைய கணக்குகளைத் திருத்தவும், முதிய பாடகர்களின் நலனுக்காகத் தோன்றிய அறநிலையத்துக்குப் பதினைந்து லட்சம் டாலர் கொடுக்கவும் இசைந்தது. வந்தது நியாயமே, முப்பது ஆண்டு கழித்து வந்தது.

இனி, மறுபதிப்புக் கம்பெனிகளின் செய்திக்கு வருவோம். நியூயார்க் நகரில் 1986-ஆம் ஆண்டில் பில்லி மில்லர், மிரியம் லின்னா என்னும் தம்பதியர் நார்ட்டன் ரிக்கார்ட்ஸ் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினர். அதற்குமுன் அவர்கள் ‘கிக்ஸ்’ என்னும் பத்திரிகையை நடத்தி, மறக்கப்பட்ட பாடகர்களைப்பற்றி எழுதிவந்தவர்கள். அவர்கள் முதன்முதலாக வெளியிட்ட தட்டு ஹாஸில் ஆட்கின்ஸ் என்பவருடையது.

இந்த ஆட்கின்ஸ் யார்? மேற்கு வர்ஜீனியா மாநிலத்து நிலக்கரி மலைகளில், பூன் மாவட்டத்தில், 1937-ஆம் ஆண்டில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறுவயதில் வானொலியில் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டைக் கேட்டபோது, எல்லா வாத்தியங்களையும் அவர் ஒருவரே வாசிக்கின்றார் என்று எண்ணிக்கொண்டாராம். ஆகவே தாமும் கையால் கிட்டாரும் காலால் முரசும் ஒருங்கே வாசித்துப் பாடப் பழகினார். தம் வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகக் கம்பெனிகளுக்கு அனுப்பினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுக்கும் அனுப்பினார். ஏற்பார் அநேகமாக இல்லை. 1960-களில் வெளிவந்த ஓரிரு சிறு தட்டுகளும் விலைபோகவில்லை. பல ஆண்டு சென்றபின் ஒரு பாட்டை வேறொரு குழுவினர் எடுத்துப் பாடவே, ‘இதை முதலில் பாடினவர் எவர்?’ என்று சிலர் தேடத் தொடங்கினர். அந்த மலைநாட்டு வீட்டில் கிடந்த நாடாக்களை இத்தம்பதியர் தட்டாக்கினர். பின்னர் அவர் புதிதாகப் பாடியவற்றையும் வெளியிட்டனர். 2005-ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, பித்தன் என்று ஒதுக்கப்பட்டவராக அன்றி, பல நாட்டார் அறிந்த பாடகராகவே இறந்தார்.

2012-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ‘சாண்டி’ என்னும் புயல் நியூயார்க்கைத் தாக்கியது. புரூக்ளினில் ரெட் ஹுக் என்னும் கடலோரப் பகுதியிலிருந்த நார்ட்டன் கிடங்குக்குள் உப்புநீர் புகுந்தது. அட்டை உறைகள் கூழாயின. தட்டுகள் சேற்றில் மிதந்தன. பெருங் கம்பெனியாயின் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு குப்பையில் வீசியிருக்கும். இங்கோ, அறிந்தோரும் அறியாதோருமாகத் தொண்டர் பலர் வந்து கூடினர். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினர், துடைத்தனர், உலர்த்தினர். ஊதியம் கேட்டவர் ஒருவருமில்லை. பில்லி மில்லர் 2016-ஆம் ஆண்டில் காலமானார். கம்பெனியின் பணியை அவர் துணைவியார் கைவிடவில்லை.

இங்கிலாந்து தேசத்து ஏஸ் ரிக்கார்ட்ஸ் வேறு வகையினது. சந்தைக் கடையில் பழந்தட்டு விற்றுவந்த டெட் கரோலும், அவருடைய கூட்டாளிகளும் 1978-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். மேலே சொன்ன மாடர்ன் கம்பெனியின் ஒலிநாடாக்களைப் பிற்காலத்தில் விலைக்கு வாங்கியதும் இவர்களே. 2022-ஆம் ஆண்டில் இக்கம்பெனி ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிற்று. இவர்களுடைய வெளியீடுகளை வாங்கினால் நான் பாட்டைக் கேட்குமுன் உடன்வரும் சிறு புத்தகத்தையே முதலில் படிப்பேன். எந்த ஊரில், எந்த நாளில், எவர் முரசடிக்க, எவர் ஊதுகுழல் ஊத அப்பாட்டுப் பதிவாயிற்று என்று அதில் எழுதியிருக்கும். அறுபது ஆண்டாக ஒருவரும் உச்சரியாத ஒரு முரசுக்காரனின் பெயரை அச்சில் காணும்போது எனக்கு உண்டாகும் நிறைவு, பல வேளைகளில் பாட்டினாலும் உண்டாவதில்லை.

இவ்விடத்தில் ஒரு வழக்கை எடுத்துச் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முன்பு 50 ஆண்டு. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது 70 ஆண்டாயிற்றெனினும், 1962-ஆம் ஆண்டு முடிய வெளிவந்து முன்னமே உரிமை கழிந்த தட்டுகளுக்கு அது மீளவில்லை. ஆகவே ராக் அண்ட் ரோலின் பொற்காலம் முழுவதையும் அங்கே எவரும் ஒலிப்பதிவின் பழைய உரிமையாளரைக் கேளாமல் பதித்து விற்கலாம். விற்கின்றனர்; மலிவாகவும் விற்கின்றனர். நல்ல நாடாவைத் தேடுவதில்லை. தேய்ந்த தட்டிலிருந்தே பிரதி எடுப்போரும் உண்டு. பாடினவர் உயிரோடு இருக்கின்றாரா, அவர் மக்கள் எங்கே என்று விசாரிப்பதுமில்லை. மலிவாகக் கிடைப்பது ஏழைக்கு நன்மையன்றோ என்பார் உளர். நன்மையே. ஆயினும் அம்மலிவு எவர் வயிற்றிலிருந்து வருகின்றது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. கூலிக் குறைவால் மலிந்த ரப்பரைக் கொண்டு உலகம் உருண்டோடிய காலத்தை அறிந்த நாம் இதைக் கேளாவிடின், வேறு யார் கேட்பர்?

நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுதான். இந்தக் கூச்சலைக் கேட்கக் கேட்க, நம்மவர் பாட்டு எங்கே போயிற்று என்னும் எண்ணமே எனக்கு மிகுகின்றது. என் பெரியம்மா பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். சாவு வீடுகளில் அவர் ஒப்பாரி சொன்னால் லயமே அழும். அவர் குரல் ஒரு காசெட்டு நாடாவில் மட்டும் தங்கியிருக்கின்றது. உறவினர் வீட்டுச் சாவன்று எவரோ பதிந்தது அது. அதில் மூன்று பெண்கள் முறைவைத்துப் பாடுகின்றனர். காசெட்டின்மேல் பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. பெரியம்மாவின் குரலை நான் அறிவேன். இரண்டாவது குரலை என் அத்தை கேட்டவுடனே, ‘இது நம்ம மேட்டு லயத்து அஞ்சலை அக்கா’ என்றார். மூன்றாவது குரல் எவருடையது என்பதை இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றேன். அத்தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டனர். விசாரிக்கத்தக்க முதியோரும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர்.

வாசக நண்பர்களே! தட்டுக் கம்பெனி தொடங்க நம்மில் எல்லாராலும் இயலாது. ஆயின் உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய நாடாக்களை இவ்வாரமே எடுங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் இருத்திக் கேட்கச் செய்யுங்கள். பாடினவர் பெயர், தோட்டத்தின் பெயர், நினைவில் நிற்கும் ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாடாவோடு வைத்து, பிரதியும் எடுத்துவிடுங்கள். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளி மகனுக்கு அவன் பெயர் கிடைத்தது. நம் பெண்டிருக்கும் அது கிடைக்கவேண்டும்.