கண்ணாடிக்குள்ளே வலம்புரி!

மாமனார் வீட்டில் 'தெரியாது' என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது. அதிலும் காயல்பட்டினத்து மாப்பிள்ளை சொல்லவே கூடாது. எங்கள் ஊரில் கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்கு வருகிறான். ஆகவே ஃப்யூஸ் போனாலும், கேஸ் தீர்ந்தாலும், வரி நோட்டீஸ் வந்தாலும், 'மாப்பிள்ளையைக் கூப்பிடு'தான்.

அன்று ராத்திரியும் கூப்பிட்டார்கள். ஃப்யூஸ் போயிருந்தது மச்சினனுக்கு.

அவன் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஒரே பேப்பரில் இரண்டு தடவை அரியர். விடிந்தால் மூன்றாவது தடவை. இதுவும் போனால் ஹாங்காங்கில் இருக்கும் சாச்சாவின் கடையில் கல் எண்ணப் போக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. (மாணிக்கக் கல்தான். ஆனாலும் எண்ணுவது எண்ணுவதுதானே!) அவனுக்கோ வாத்தியாராக ஆசை.

மிரட்டிய பூதத்தின் பெயர் 'மாலிக்யூலர் சிமெட்ரி'. அதாவது மூலக்கூறுகளின் சமச்சீர். நானோ பத்தாவதில் கெமிஸ்ட்ரிக்குப் பயந்து காமர்ஸ் குரூப்புக்கு ஓடிய பி.காம். ஜீவன். எனக்குத் தெரிந்த குரூப் அது ஒன்றுதான். இவன் 'பாயிண்ட் குரூப்' என்கிறான்!

"முதல்ல நீ சொல்லு தம்பி, எங்கே இடிக்குதுன்னு பார்ப்போம்" என்றேன். விஷயம் தெரியாத ஆடிட்டர்கள் கையாளும் தந்திரம் இது.

"கண்ணை மூடிக்குங்க மச்சான். நான் ஒரு மூலக்கூறை ஏதோ செய்றேன். கண்ணைத் திறந்தா, நான் அதைத் தொட்டேனா இல்லையான்னே உங்களுக்குத் தெரியக் கூடாது. அதுதான் சமச்சீர். ஒரு அச்சில் சுழற்றலாம். கண்ணாடித் தளம் வெச்சுப் பிரதிபலிக்கலாம். மையம் வழியாப் புரட்டலாம். ஒண்ணுமே செய்யாம சும்மாவும் இருக்கலாம்."

"சும்மா இருக்கிறதும் கணக்கா?"

"அதுதான் முதல் கணக்கு. அதுக்கு 'ஈ'ன்னு பேர்."

எங்கள் ஆபீஸில் அதற்குச் சம்பளமே உண்டு என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு மூலக்கூறை இப்படி எத்தனை விதமாக ஏமாற்ற முடியுமோ, அத்தனையும் சேர்ந்த பட்டியல்தான் பாயிண்ட் குரூப். எதைச் செய்தாலும் ஒரு புள்ளியாவது நகராமல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். தண்ணீருக்கு நாலு: சும்மா இருப்பது, 180 டிகிரி சுழற்றுவது, இரண்டு கண்ணாடித் தளங்கள். பட்டியலின் பெயர் சி2வி.

"இதான் தெரியுதே, பிறகென்ன?"

"எல்லாம் மனப்பாடம் மச்சான். புதுசா ஒண்ணு கொடுத்தா கை ஓடலை. இதனால என்ன பிரயோஜனம்னும் புரியலை."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் அண்ணாந்தேன். மூன்று இறக்கை ஃபேன் மெல்ல நின்றது. "இது என்ன குரூப்?" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"அம்மோனியா மாதிரி. மூணு தடவை சுழலும் அச்சு, மூணு கண்ணாடித் தளம், சி3வி" என்றவன் சட்டென்று எழுந்து நின்றான். "இல்லை! இறக்கை சாய்வா இருக்கு. கண்ணாடியில பார்த்தா சாய்வு எதிர்ப்பக்கம் போயிடும். கண்ணாடித் தளமே கிடையாது. வெறும் சி3."

"சாய்வு இல்லாட்டி?"

"காத்தே வராது!"

சொல்லிவிட்டு அவனே என்னைப் பார்த்தான். ஒன்று குறைந்ததால்தான் ஃபேன் வேலை செய்கிறது!

அப்புறம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. இரண்டு பக்கமும் இழுத்து டாலி ஆகிவிடுகிறது. தண்ணீர் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. அதனால் ஆக்சிஜன் பக்கம் மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் பிளஸ் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை வைத்துத்தான் தண்ணீர் உப்பைப் பிரித்துக் கரைக்கிறது. கடல் கரிக்கிறது. தூத்துக்குடி உப்பளங்கள் பிழைக்கின்றன. எனக்குப் புரிந்துவிட்டது. டெபிட்டும் கிரெடிட்டும் சரிக்குச் சரியானால் மீதி பூஜ்யம். மீதி இருந்தால்தானே காசு!

மாமியின் பீரோ மேல் ஒரு சங்கு இருந்தது. சாதாரண இடம்புரி. மச்சினன் அதை எடுத்து பீரோ கண்ணாடி முன்னால் பிடித்தான். கண்ணாடிக்குள்ளே... வலம்புரி!

"அதை எப்படியாவது வெளியே எடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. விலை தெரிந்தவர்.

எடுக்க முடியாது. நாம் வலம்புரி என்பதை விஞ்ஞானிகள் இடஞ்சுழி என்பார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் கீழே வைத்து. ஆனால் எப்படிக் கவிழ்த்தாலும், சுற்றினாலும், ஒன்று மற்றொன்றாக ஆகாது. சங்கின் சமச்சீர் பட்டியலில் 'ஈ' மட்டும்தான் உண்டு. கண்ணாடித் தளம், மையம், சுழற்றிப் பிரதிபலிக்கும் அச்சு எதுவுமே இல்லாத மூலக்கூறுக்கும் இப்படி இடக்கை வலக்கை உண்டாம்.

மாமி தும்மினார். மச்சினன் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினான். செட்டிரிசின் 10 மில்லிகிராமில் இரண்டு கைகளும் பாதிப் பாதி. அலர்ஜியை அடக்குவது பெரும்பாலும் ஒரு கைதான். அந்தக் கையை மட்டும் பிரித்து விற்பதுதான் லீவோசெட்டிரிசின், 5 மில்லிகிராம். பாதி மாத்திரை, அதே வேலை!

"பிரயோஜனம் கேட்டியே?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து கணக்குகளைப் புதிதாகப் போட ஆரம்பித்திருந்தான். மணி ஒன்றாகியும் நிறுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் போன். "மச்சான், ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டிருந்தான்! விடைத்தாளைப் பாதி திறந்து வெச்சுப் பார்த்தேன். மடிப்பில ரெண்டு ஆக்சிஜன், இந்தப் பக்கத்து மேலே ஒரு ஹைட்ரஜன், அந்தப் பக்கத்துக் கீழே ஒண்ணு. கண்ணாடித் தளம் இல்லை. ஒரே ஒரு அச்சு. சி2! சூப்பர்வைசர்தான் முறைச்சுட்டே இருந்தார்."

ரிசல்ட் வந்தது. 52. பாஸுக்கு 50. மீதி இரண்டு!

வீட்டில் அன்றைக்கு வட்டிலப்பம். சாப்பிட்டு முடித்த மாமா என் பக்கம் திரும்பினார். "அப்போ ஹாங்காங் கடையில கணக்கு எழுத யார் போறது? பி.காம். படிச்ச ஆள் கிடைச்சா நல்லதுன்னு அவங்க சாச்சா சொல்றாரு..."

நான் உடனே 'ஈ' செய்தேன்.

அதாவது, சும்மா இருந்தேன்.