ஆரணியில் ஒரு பலகாரச் சீட்டு

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் தெற்கே சென்றால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கமண்டல நாகநதிக் கரையில் ஆரணி நகர் அமைந்திருக்கிறது. ஆறு அணி செய்யும் ஊராதலின் ஆரணி ஆயிற்று என்பர். நாம் சென்ற நாளில் ஆறு அணிந்திருந்தது பெரும்பாலும் மணலையே. ரயிலில் வருவோருக்கு ஒரு சொல்: 'ஆரணி ரோடு' என்னும் நிலையத்தின் பெயரை நம்பி இறங்கினால் களம்பூரில்தான் நிற்பீர்கள்; அங்கிருந்து மீண்டும் பேருந்து தேட வேண்டும்.

1751ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் போரிட்ட களமும், ஜாகீர்தார்கள் ஆண்ட ஊரும் இதுவே. ஆனால் இன்று ஆரணியின் புகழ் அரிசியாலும் பட்டாலும் நிற்பது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து சரிகையும் வந்து, இவ்வூர்த் தறிகளிலும் சுற்றிலுமுள்ள சிற்றூர்த் தறிகளிலும் சேலையாகின்றன. காஞ்சிப் பட்டினும் கனம் குறைவு. விலையும் எளியோருக்குச் சற்று எட்டும்.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சேலை எடுப்பதற்காகவே நாமும் துணைவியாரும் அங்குச் சென்றோம். ஐப்பசி மாதம், தீபாவளிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. தறியில் ஓடும் சேலையைப் பார்க்க விரும்பிய எம்மை, கடைக்காரர் தமக்கு நெய்து தரும் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தெரு முழுதும் 'டக், டக்' என்ற ஒலி. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து அவ்வீட்டுத் தலைவர் நெய்துகொண்டிருந்தார். ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி எழுந்து வந்து, "வாங்க ஐயா, வாங்கம்மா" என்று பாய் விரித்தார்.

எம் கண்ணைக் கவர்ந்தது சேலையன்று. சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த நீல அட்டை அது. பன்னிரண்டு கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு கையொப்பம். பலகாரச் சீட்டு!

முன்பணம் கட்டித் தின்பண்டம் பெறுவதில் எமக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒருமுறை பேரப்பிள்ளைகளுடன் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றபோது, வாயிலிலேயே 500 ரூபாய் கட்டிச் சிற்றுண்டி அட்டை ஒன்று வாங்கினோம். மாலையில் அதில் 140 ரூபாய் மிஞ்சியது. திருப்பித் தர மாட்டார்கள், மறுநாள் செல்லாது என்று அப்போதுதான் அறிந்தோம். பசியே இல்லாமல் உருளைக்கிழங்கு வறுவலை வாங்கி, பிள்ளைகளைத் தின்னச் சொல்லி வற்புறுத்தினோம். வீடு திரும்பும் வழியில் சின்னவன் வாந்தி எடுத்தான். அன்று முதல், பணத்தை முன்னே கொடுத்துப் பண்டத்தைப் பின்னே வாங்கும் எதையும் நாம் ஐயத்துடனேயே நோக்குவது வழக்கம்.

அவ்வையத்தை அவ்வம்மையாரிடம் மறைக்காமல் கூறினோம். அவர் சிரித்துவிட்டுக் கணக்கைச் சொன்னார். அத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி நடத்தும் சீட்டு. 25 வீடுகள்; மாதம் 200 ரூபாய்; பன்னிரண்டு மாதத்துக்கு 2400. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாக எண்ணெய், பச்சரிசி, வெல்லம், கடலை மாவு, மைதா, நெய், பருப்பு, ஓர் எவர்சில்வர் பாத்திரம் ஆகியவை வந்து சேரும். முதல் நாள்தான் வந்திருந்தன. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இவ்வாறே சீட்டுகள் உண்டாம்.

துணைவியார் கையோடு எழுதுகோலை எடுத்துவிட்டார். பொருள்களைக் கடைவிலைக்குக் கணக்கிட்டதில் 2610 ரூபாய் வந்தது. இதே 200 ரூபாயை மாதந்தோறும் வங்கியில் ஆண்டுக்கு 6 விழுக்காட்டில் தொடர் வைப்பாகக் கட்டினால் வட்டி ஏறத்தாழ 78 ரூபாய், மொத்தம் 2478. ஆக, சீட்டினால் மிச்சம் 132 ரூபாய். மூட்டையாக வாங்குவதில் கடைக்காரருக்குக் குறையும் விலையிலிருந்து இது வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற இலாபம்.

"நூத்தி முப்பதுக்காகவா ஐயா கட்டறேன்?" என்றார் அம்மையார். பிறகு அவர் கூறியதுதான் எம்மைச் சிந்திக்க வைத்தது. தறிக்கூலி சேலைக்கு இவ்வளவு என்று வருவது. மழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்த இயலாது. குழியில் நீர் ஊறும். தறி நின்றால் கூலியும் நின்றது. பண்டிகையோ அடைமழைக் காலத்தில் வருகிறது. முன்னர், ஆண்டுதோறும் காதுத் தோட்டை அடகு வைப்பார். இல்லையேல் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார் அவருடைய கணவர். முன்பணம் தீரும் வரை வேறு இடத்தில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது. "நாலு வருஷமாத் தோடு காதுலேயே இருக்கு" என்றார். தறியிலிருந்தவர் தலை நிமிரவில்லை. ஆனால் நாடா ஒரு கணம் நின்று ஓடியதைக் கவனித்தோம்.

உள்ளிருந்து மகள் வண்ணத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெளியூர் நிறுவனம் ஒன்றின் முகவர் கொடுத்தது. மாதம் 300 கட்டினால், ஆண்டு முடிவில் 6000 ரூபாய் மதிப்புள்ள மளிகையும் இனிப்பும் பட்டாசும். அடுத்த ஆண்டு இதில் சேரலாமா என்று தாயும் மகளும் ஒரு வாரமாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். "படிச்சவங்க நீங்க சொல்லுங்க" என்றார்.

கட்டுவது 3600, கொடுப்பது 6000. இடைப்பட்ட 2400 எங்கிருந்து வரும்? மொத்த விலையில் வாங்கினாலும் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோதான் குறையும். எஞ்சியது அடுத்த ஆண்டு சேருவோர் பணத்திலிருந்தே வரவேண்டும். சேருவோர் குறைந்த ஆண்டில் கடை பூட்டியிருக்கும். செய்யாறு வட்டாரத்தில் 2022 முதற்கொண்டு தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தோர் காவல் நிலையங்களின் முன் திரண்ட செய்தியை நாளேடுகளில் படித்தவர்களுக்கு இது புதிதன்று. முதலீட்டாளர் நலனைக் காக்க 1997இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புகளைத் தடுக்க 2019இல் நடுவண் சட்டமும் வந்துள்ளன. புகார் செய்யலாம், சொத்துகளை முடக்குவார்கள். எனினும் பணம் திரும்பி வருவதற்குள் எத்தனை தீபாவளி கழியுமோ!

பட்டியலையும் ஊன்றிப் படித்தோம். பட்டாசுப் பெட்டிக்கு 1200 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடையில் விற்கும் விலைக்கும் உள்ள தூரம் ஊரறிந்தது. இனிப்பு 'ஒரு பெட்டி' என்றிருந்ததே தவிர எடை இல்லை. அரிசி, எண்ணெய் என்றால் எந்தக் கடையிலும் விலை கேட்டுவிடலாம். 'பரிசுப் பெட்டி'க்கு யாரிடம் விலை கேட்பது? ரசீதில் பெயரும் முகவரியும் இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டுமே.

மளிகைக் கடை அம்மையார் மட்டும் ஏமாற்ற மாட்டாரா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அவருக்கு ஒரு நோய் வந்தாலும் 60,000 ரூபாய் ஆட்டம் காணும். ஆதலால், மாதப் பணத்தை இருவர் பெயரில் வங்கிக் கணக்கில் போடவும், அந்தக் கணக்குப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காட்டவும் அவரைக் கேட்கலாமே என்றோம். "கேட்டா கோவிச்சுக்குவாங்க" என்றார் தாய். "நான் கேட்கிறேன்" என்றாள் மகள்.

சேலையை மறந்துவிட்டோமே! மாம்பழ நிறத்தில் அரக்குக் கரையிட்டது ஒன்றும், பச்சை ஒன்றும் எடுத்தோம். விடைபெறும்போது அம்மையார் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தார். சீட்டு வெல்லத்தில் முதல் ஈடு அதிரசமாம். வண்ணத்தாளை மகள் நான்காக மடித்து, ஆடிய தறிக்காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணமங்கலம் வருவதற்குள் அதிரசம் நான்கும் தீர்ந்துவிட்டன.