நடக்கும் பாத்தியம்

டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்னரே சூரியன் அஸ்தமித்துவிடும் இங்கிலாந்தில், ஹீட்டரைத் திருகிவிட்டு ஜன்னல் திரைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே விவேகம் என்று நம்மவர் பலர் தீர்மானித்திருக்க, இந்நாட்டு முதியவர்களோ கம்பளிக் குல்லாயும் சேறு காய்ந்த பூட்ஸுமாக ரயிலேறி, ஆற்றங்கரையில் நடப்பதற்கென்றே கிராமப்புறங்களுக்குப் புறப்படுகிறார்கள். எழுபதைத் தாண்டியவர்களே பெரும்பான்மையாக உள்ள அத்தகைய கோஷ்டியொன்றில் நானும் சேர்ந்து நடந்துவருகிறேன். ஐந்து மைலுக்கு மேல் நாங்கள் போவதில்லை, மேடு ஏறுவதில்லை, அவசரப்படுவதும் இல்லை.

எங்களுக்கு மிகவும் உகந்தது, பெர்க்‌ஷயரில் உள்ள குக்கம் கிராமத்திலிருந்து மார்லோ என்னும் சிற்றூர் வரை தேம்ஸ் நதியை ஒட்டிச் செல்லும் பாதை. ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் பிறந்த அந்தக் கிராமத்தைக் கடந்ததும் காக் மார்ஷ் என்ற விஸ்தாரமான புல்வெளி எதிர்ப்படும். ஊர்மக்கள் பணம் திரட்டி வாங்கி, 1934ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பொது நிலம் அது. கோடையில் உல்லாசப் படகுகளால் நிறைந்து கிடக்கும் நதி, குளிர்காலத்தில் பால் அதிகமாக விட்ட தேநீரின் நிறத்தில் பெருகி ஓட, லாக் என்னும் மதகுகளில் படகுகளை எச்சரிக்கும் சிவப்புப் பலகைகள் ஏறிவிடும். இலைகளெல்லாம் உதிர்ந்தபின் மரங்களின் சரீர அமைப்பு அப்பட்டமாகத் தெரிவதும், கோடையில் மறைந்திருந்த புல்லுருவிகள் உச்சிக் கொம்புகளில் பச்சைப் பந்துகளாய்த் தொங்குவதும், சாம்பல் நாரை ஒன்று நாங்கள் அருகில் வந்தும் அசையாமல் நிற்பதும் இந்தப் பருவத்துக்கே உரியவை. பனி மூடிய மலைகளைத்தான் குளிர்காலத்தின் அழகென்று நாட்காட்டிகள் காட்டுகின்றன. இந்தச் சேற்று நிலத்தின் சௌந்தரியம் அதற்குக் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

எங்கள் கோஷ்டிக்கு முன்னே ஒருவர் வழிகாட்டிச் செல்வார். எல்லாருக்கும் பின்னே ஒருவர், யாரும் தங்கிவிடாதபடி பார்த்துக்கொண்டு வருவார். வேலிக் கதவு ஒவ்வொன்றிலும் தலைகளை எண்ணுவார்கள். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே கோஷ்டியின் வேகம். ரயிலில் ஒரு மணி நேரம் எதிரெதிரே அமர்ந்தும் வாய் திறவாத ஆங்கிலேயர், பக்கத்தில் நடக்கும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தினாலோ என்னவோ, கணவனின் மரணத்தையும் பிள்ளைகளோடு நேர்ந்த மனஸ்தாபத்தையும்கூடச் சங்கோஜமின்றிச் சொல்லுகிறார்கள்.

போர்ன் எண்டில், ரயில் பாலத்தோடு ஒட்டிய நடைபாலத்தின் வழியே பாதை அக்கரைக்கு மாறுகிறது. சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற காலத்தில், கரை மாற வேண்டிய இடங்களில் அவற்றை ஓடத்தில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். பாலத்தைக் கடந்தபின், தனவந்தர்களின் வீடுகளுக்கும் அவர்களுடைய படகுத்துறைகளுக்கும் நடுவிலேயே நாங்கள் நடந்துபோகிறோம். எவரும் எங்களைத் தடுப்பதில்லை. நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் மாமூல் தடத்தில் போக வர உள்ள பாத்தியம் என்று எழுதுவார்களே, அது நிலத்தை வாங்கியவருக்கும் அவர் சந்ததிக்கும் உரியது. இங்கேயோ, பொதுவழியென்று 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரைபடத்தில் பதிவான பாதையில், நேற்று விமானத்திலிருந்து இறங்கியவனுக்கும் அதே பாத்தியம் உண்டு.

இது தானமாய்க் கிடைத்ததென்று எண்ண வேண்டாம். 1932 ஏப்ரலில், பிரபுக்களின் வேட்டை நிலமாயிருந்த இந்நாட்டுக் கிண்டர் ஸ்கவுட் குன்றில், நடக்கும் உரிமை கோரி அத்துமீறி ஏறிய தொழிலாளர்களில் ஐவர் சிறை சென்றார்கள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சகல ஜாதியாரும் நடக்கலாம் என்பதற்காக ஈ.வெ.ரா. சிறை சென்றதை அறிந்த நமக்கு, நடப்பதற்கும் போராட வேண்டியிருக்கும் என்பது புதிய செய்தியல்ல. காரணங்கள் வேறு; இங்கே சொத்து, அங்கே பிறப்பு. பிறப்பின் பேரால் அடைப்பதே அதிகக் கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியிருக்க, வேலி கண்ட இடத்தில் திரும்பிவிடும் வழக்கம் நம்மவரை விட்டபாடில்லை. கிராமப்புறம் வெள்ளையருடையது, நமக்கு நகரமே போதும் என்ற எண்ணத்தைச் சட்டம் உண்டாக்கவில்லை. நாமே சுமந்து திரிகிறோம். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, நான்கு சுவர்களுக்குள் தொலைக்காட்சியின் முன் அமர்த்தியிருப்பவர்கள், வெயில் காயும் ஒரு நாளில் அவர்களை இங்கே அழைத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு கரை புரண்டிருக்கிறதா என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நீர் புகாத பூட்ஸும் பிளாஸ்கில் காபியும் அவசியம். பேடிங்டனில் ஏறி மெய்டன்ஹெட்டில் கிளை ரயிலுக்கு மாறினால் குக்கம் வரும். மார்லோவிலிருந்து திரும்புவதற்கும் அதே ரயில்தான்.