வடக்குப் பார்த்த அறை

பெயிண்டுக் கடையில் கொடுத்தனுப்பும் வண்ண அட்டையைப் பெரும்பாலான வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகுதான் பிரிக்கிறார்கள். கூடத்து டியூப்லைட்டின் கீழே குடும்பமே குனிந்து பார்க்கும். தபால்தலை அளவில் சதுரம் சதுரமாக வண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் எண். ஒருவர் "இது" என்று விரல் வைத்தால் அந்த விரலே நாலு வண்ணத்தை மறைத்துவிடும். அடுத்த ஏழெட்டு வருஷம் கண் விழித்ததும் பார்க்கப்போகிற சுவர் இப்படி அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. ஒரு சேலை எடுப்பதென்றால் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, சுவர் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை இல்லாமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஓர் அறைக்கு வண்ணம் எடுப்பதற்கு முன்னால் அந்த அறையின் வெளிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே புழங்கப்போகிறவரின் கண்ணைத் தெரிந்துகொள்வது. இதை எனக்குப் புரியவைத்தது அம்மா.

கும்பகோணத்தில் நாங்கள் வளர்ந்த தெருவில் வண்ணம் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. தை பிறப்பதற்குள் வெள்ளையடிக்க வேண்டும், அவ்வளவுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி அடங்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, கடைசியில் ஒரு துணி முடிச்சில் நீலத்தைக் கட்டி உள்ளே அலசுவார்கள். மட்டையால் முதல் கை அடிக்கும்போது சுவர் ஈரச் சாம்பலாகத்தான் இருக்கும். வெள்ளை எங்கே என்று தேடத் தோன்றும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடே கண்ணைக் கூசும். அதற்கப்புறம் நாள்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அந்தச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாக மாறும். சுவரோடு சுவராக ஒன்றிப்போகும். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறவும் வழிவிடும்.

சுண்ணாம்பின் காரம் எல்லா நிறத்தையும் ஏற்காது. இரும்புச் சத்துள்ள மண்ணிலிருந்து வரும் காவியும் மஞ்சள் காவியும் தாங்கும். பிரஷ்யன் நீலம் அதில் நிறம் கெட்டுப்போகும். சலவைக்குப் போடுகிற நீலப்பொடியான அல்ட்ராமரைன் நிற்கும். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் அந்த நீலத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் அதை அளந்து அளந்து செலவழித்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்சின் தொழில் வளர்ச்சிச் சங்கம் அறிவித்தது. 1828இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அந்தப் பரிசைப் பெற்றார். அரசர்களின் ஓவியங்களுக்கு மட்டும் கட்டுப்படியான நீலம் அதற்குப் பிறகுதான் பொட்டல விலைக்கு இறங்கி, எங்கள் கொல்லைத் தொட்டிவரைக்கும் வந்தது.

கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை, திண்ணையோரம் காவி, வீட்டுக்குள் நீலம் பாய்ந்த வெள்ளை. அந்தத் தெருவுக்கே ஒரு பொருத்தம் இருந்தது என்றால், சுண்ணாம்பின் கண்டிப்பு கொடுத்த பொருத்தம் அது. செட்டிநாட்டில் அதற்கும் ஒரு படி மேலே போய், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணச் சாந்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வண்ணமே பூசாமல் விட்டார்கள். இன்றைக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் குளிர்ச்சி.

இப்போது கடையில் கணினி கணக்குச் சொல்ல, இயந்திரம் வெள்ளை பேஸில் சொட்டுச் சொட்டாக நிறமியை இறக்குகிறது. ஆயிரத்துக்கு மேல் வண்ணங்கள். சுண்ணாம்பு விதித்த கட்டுப்பாடு போய்விட்டது. அந்தப் பொறுப்பு முழுவதும் இப்போது நம் கண்மீது விழுந்திருக்கிறது.

அம்மா புழங்கும் அறை வடக்குப் பார்த்தது. வடக்கு அறைக்கு வெயிலே வராது, ஆகவே மஞ்சள் சாயல் அடியுங்கள் என்று அலங்காரக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். லண்டனுக்கு அது ஏறக்குறையச் சரி. கும்பகோணம் இருப்பது 11 பாகை அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே சாய்ந்தால், ஆவணி முதல் வாரம் தாண்டும்வரை உச்சிவேளையிலும் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அந்த மாதங்களில் அம்மாவின் ஜன்னலில் காலையும் சாயங்காலமும் சாய்வாக வெயில் நுழையும். மார்கழியில் அதே ஜன்னலில் வானத்து வெளிச்சம் மட்டும்தான். அதில் ஒரு நீலச் சாயல் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முகம் காட்டுகிற சுவருக்கு ஒரே நாளில், அதுவும் ராத்திரியில், வண்ணம் சொல்வது எப்படி?

அப்புறம் தரை. சுவரை யோசிக்கும்போது தரையை யாரும் யோசிப்பதில்லை. அந்த அறையில் இருப்பது பழைய சிவப்பு ஆக்சைடு தரை, நடந்து நடந்தே மெருகேறியது. வெயில் அதன்மேல் விழுந்தால் சுவரின் கீழ்ப்பாதி செம்மை பூசிக்கொள்கிறது. கிரீம் நிற அட்டையைக் கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் பிடித்தேன். ரோஜா நிறமாகத் தெரிந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கிரீம். வெள்ளை டைல்ஸ் போட்ட கூடத்துக்குக் கொண்டுபோனால் எங்கே பிடித்தாலும் கிரீம். தவிர, நாலு சுவரிலும் ஒரே வண்ணம் வந்துவிட்டால் அவை ஒன்றின்மேல் ஒன்று வெளிச்சத்தை வீசி நிறத்தை ஏற்றிவிடும். அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பதே நல்லது.

எங்கள் பெயிண்டர் அண்ணன் இதையெல்லாம் அட்சரேகை இல்லாமலே அறிந்தவர். "தம்பி, சுவத்துல ஓரமா அடிச்சுப் பாக்காதீங்க. பழைய கலரு பக்கத்துல இருந்தா கண்ணு ஏமாந்துடும். பலகையில ரெண்டு கோட்டு அடிச்சு, காயவிட்டுப் பாருங்க" என்றார். ஈரத்தில் பார்த்து எமல்ஷனை எடை போடக் கூடாது. காய்ந்தால் சற்றுக் கறுக்கும். பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும் என்று அவர் சொன்னதை மிஷெல் யூஜின் ஷெவ்ரல் 1839இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று புகார் வந்தபோது சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறக் காட்டின.

இப்போது ஊரெங்கும் சாம்பல் நிறத்தின் மேல் ஆசை பிறந்திருக்கிறது. படங்களில் அது அழகாக இருப்பது உண்மைதான். அந்த அறைகளில் கதவு வெள்ளை, தரை வெளிர் மரம். நம் வீடுகளில் நிலையும் கதவும் வார்னிஷ் அடித்த செம்பழுப்புத் தேக்கு. அதன் பக்கத்தில் சாம்பல் தன் நிறத்தில் நிற்காது. நீலம் பாய்ந்து, ஓதம் ஏறிய சுவர் மாதிரி ஆகிவிடும். தேக்கு நிலை உள்ள வீட்டில் சாம்பல் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

பலகைகள் தயாராயின. வெளிர் நீலம், கிரீம், சந்தனம், வாழைக்குருத்தின் இளம்பச்சை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நேரம், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு நேரம் சாய்த்துவைத்தோம். ஜன்னல் சுவர்தான் எப்போதும் இருட்டு. வெளிச்சம் அதன் முதுகுப் பக்கமாக வருகிறது. ராத்திரியில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பல்பைக் கழற்றி 3000 கெல்வின் பல்பை மாட்டினால் சந்தனம் மஞ்சளாகிறது, நீலம் அழுக்காகிறது. அப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள். வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தது. இடது கண் பாக்கி. பலகைகளை அவள் பார்க்கவில்லை. பழைய சந்தனச் சுவருக்கு எதிரே நின்று ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினாள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை.

"ஏன்டா, இந்தக் கண்ணுக்குச் சுவர் வெள்ளையா இருக்கு. இந்தக் கண்ணுக்குச் சந்தனமா இருக்கு. எது நெசம்?"

எத்தனை வருஷமாக அந்தச் சுவரை நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தோம்! வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. நீலத்தை வடிகட்டிவிட்டு மிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது. மெல்ல மெல்ல நடப்பதால் பார்க்கிறவருக்கே தெரிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு, எல்லாம் நீலமாகத் தெரிகிறதென்று தவித்தார். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கே அந்தத் தடுமாற்றம். அம்மாவிடம் "ரெண்டும் நெசம்தாம்மா" என்றேன். இடது கண்ணும் முடிந்து, இரண்டு கண்ணாலும் அவள் பார்த்துச் சொல்லும்வரை அந்த அறையில் தூரிகை வைப்பதில்லை என்று முடிவாயிற்று.

பெயிண்டர் அண்ணன் முகம் சுளிக்காமல் வேலையைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே பழைய செங்கல் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். எமல்ஷன் அடித்தால் அதன் படலம் ஈரத்தை அடைத்துவைக்கும். அடுத்த மழைக்கே உப்பி உரியும். அந்த அறைக்குச் சுண்ணாம்பே போதும் என்றார், எனக்கும் சந்தோஷம். ஜன்னல் கம்பிகளில் பல வருஷத்து எனாமல் ஏடு ஏடாக இருந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்த்தால் பறக்கிற தூசியில் ஈயம் இருக்கலாம்; அது குழந்தைகளுக்கும் தேய்க்கிறவருக்கும் கெடுதல். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பழைய வீட்டில் கைவைக்கிற யாரும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இடது கண்ணும் ஆயிற்று. கட்டு அவிழ்த்துச் சொட்டு மருந்தெல்லாம் முடிந்த பிறகு பலகைகள் மறுபடியும் சுவரேறின. எனக்கும் தங்கைக்கும் வெளிர் நீலத்தின்மேல் ஒரு கண். அம்மாவின் புதுக் கண்ணுக்கு அந்த நீலம் ஓங்கி ஒலித்தது. "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குடா, வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டாள். கிரீமைத் தரையோரம் வைத்ததும் அவளே செம்மையைக் கண்டுபிடித்தாள். காலையில் கட்டிலில் படுத்தபடியே, மத்தியானம் பத்திரிகை படிக்கிற நாற்காலியிலிருந்து, விளக்கேற்றின பிறகு வாசற்படியிலிருந்து என்று பார்த்துப் பார்த்து வாழைக்குருத்துப் பச்சையில் வந்து நின்றாள். சிவப்புத் தரையின் சாயல் விழுந்தாலும் அந்தப் பச்சை அடிப்பக்கம் லேசாகப் பழுப்புத் தட்டுமே தவிர, வேறு நிறமாக மாறவில்லை. மேல்கூரைக்கு வெள்ளை, அதில் பேச ஒன்றுமில்லை.

வண்ணத்தைவிட வேறொன்றில்தான் பிறகு அதிக நேரம் செலவானது. அம்மா ராத்திரி எழுந்தால் வெளிறிய சுவரில் வெள்ளை சுவிட்சுப் பலகையைக் கையால் தடவித்தான் தேடுவாள். குளியலறையில் சுவர், கதவு, நிலை எல்லாம் ஒரே தந்த நிறம். எங்கே சுவர் முடிந்து எங்கே வாசல் தொடங்குகிறது என்று மங்கலில் தெரியாது. வண்ணம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பெயிண்டு நிறுவனங்கள் எல்ஆர்வி என்று 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகத் தருகின்றன. பார்வை குறைந்தவர்களுக்காக, சுவருக்கும் கதவுக்கும் இந்த எண்ணில் 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதைக் கணக்கில் வைத்துக் குளியலறை நிலைக்குக் காப்பிக்கொட்டை நிறம் அடித்தோம். பிடித்து எழுந்திருக்கும் கம்பிக்கும் அதே நிறம். சுவிட்சுப் பலகையைச் சுற்றி நாலு விரல்கடை அகலத்தில் ஒரு கரும்பச்சைப் பட்டை; பெயிண்டர் அண்ணன் டேப் ஒட்டி, நூல் பிடித்தாற்போல் அடித்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் அது அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். வீட்டில் வயதானவர் இருந்தால், சுவருக்கு எந்த வண்ணம் என்பதற்கு முன்னால் எதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

மிச்சமிருந்த பெயிண்டின் மூடியில் ஒட்டியிருந்த வண்ண எண்ணையும் பேஸின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியாயிற்று. இனி அடுக்களை. தங்கை வெள்ளை என்கிறாள்; எண்ணெய்ப் புகையும் மஞ்சள் கறையும் உடனே தெரியும், உடனே துடைத்துவிடலாம் என்பது அவள் கட்சி. அம்மா மஞ்சள் காவி கேட்கிறாள். அடுப்பு மேடைக்கு மேலே மட்டும் துடைக்கத் தோதான வழுவழுப்புப் பெயிண்டு என்பதில் இரண்டு பேருக்கும் ஒப்புதல். புதுப் பலகைகள் மிக்சிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன. ஆடி வெயில் வடக்கு ஜன்னலில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்துகிறாள்.